பாடபேதம் இல்லாத பாட்டு
மெருகேற்றிய மறுவெளியீடுகளும் கேட்டலின் வரலாறும்

1

பழைய பாட்டொன்றைச் 'சுத்தம் செய்து' மறுபடியும் வெளியிடும்போது அந்தப் பாட்டுக்கு என்ன நேர்கிறது? இசைத்தட்டு நிறுவனங்கள் சொல்லும் பதில் ரொம்பச் சுருக்கமானது. தூசு தட்டினோம், கீறலை எடுத்தோம், இரைச்சலைக் குறைத்தோம், உள்ளே இருந்த பாட்டு அப்படியே வெளியே வந்துவிட்டது. பாட்டு என்பது எண்ணெய்ப் பிசுக்கேறிய குத்துவிளக்கு மாதிரி, புளி போட்டுத் தேய்த்தால் பழைய பளபளப்பு திரும்பிவிடும் என்கிற நம்பிக்கை இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. காலம் என்பது அழுக்கு; அழுக்குக்கு அடியில் களங்கமற்ற 'மூலம்' ஒன்று காத்துக்கிடக்கிறது. மூலம் என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகப்படப் பழகியவர்கள் நாம். பாட்டு விஷயத்தில் மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்கிறோம்?

முதலில் மூன்று காரியங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இருக்கிற நாடாவை எடுத்து, அதன் ஒலி அளவையும் கன, மென் சுரங்களின் விகிதத்தையும் மாற்றிப் புதிய தாய்ப்பிரதி உண்டாக்குவது ரீமாஸ்டர். தனித்தனித் தடங்களில் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் வேறு விகிதத்தில் கலப்பது ரீமிக்ஸ். ஆளைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கவைத்துச் சேர்ப்பது புதுப்பதிவு. மூன்றும் வேறு வேறு. ஆனால் கடையில் மூன்றுக்கும் ஒரே பெயர்: 'புதுப்பொலிவுடன்'.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஞாபகம் வருவது ஏட்டுச்சுவடிகள்தான். 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினார்கள். செல்லரித்த ஏடு, எழுதியவன் கைப்பிழை, விடுபட்ட அடி என்று அவர்களுக்கு முன்னாலும் 'இரைச்சல்' இருந்தது. அவர்களும் அதை நீக்கினார்கள். எதை நீக்கினார்கள், எதை ஏற்றார்கள் என்பதில் அவர்களுடைய சமயமும் சாதியும் ரசனையும் வேலை செய்திருக்கின்றன என்று நாம் விமர்சிக்கிறோம், செய்யத்தான் வேண்டும். அந்த விமர்சனம் சாத்தியமாவதற்கே காரணம், அவர்கள் தடயங்களை விட்டுச்சென்றதுதான். ஏடு யாரிடமிருந்து கிடைத்தது, ஏடுகளுக்குள் எங்கே வேறுபாடு என்பதை முகவுரையிலும் பாடபேதக் குறிப்பிலும் சொல்கிற வழக்கத்தை அந்தத் தலைமுறை உண்டாக்கியது. சாமிநாதையரோடு சண்டை போடுவதற்கான ஆயுதத்தை அவர் பதிப்பே நமக்குத் தருகிறது.

மெருகேற்றிய மறுவெளியீடும் ஒரு பதிப்புதான். ஆனால் பதிப்பாசிரியர் பெயரில்லாத, முகவுரையில்லாத, பாடபேதம் காட்டாத பதிப்பு. தன்னைப் பதிப்பு என்று ஒத்துக்கொள்ளாமல், 'நான்தான் மூலம்' என்று சொல்லிக்கொள்ளும் பதிப்பு.

2

அந்த மூலம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போனால் வழி கிளைகிளையாகப் பிரிகிறது. 1931இல் 'காளிதாஸ்' வந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் படத்தில் கேட்ட பாட்டும் தட்டில் கேட்ட பாட்டும் பல சமயம் ஒன்றாக இருந்ததில்லை. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். நீண்ட பாட்டை வெட்டவேண்டும், அல்லது இரண்டு பக்கத்துக்குப் பிரிக்கவேண்டும். தட்டுக்கென்று தனியாகப் பாடிப் பதிந்ததும் உண்டு. இவற்றில் எது மூலம்? அந்தக் காலத்துத் தட்டுகளை வெட்டும்போது ஒவ்வொரு கம்பெனியும் கனத்த ஒலியைக் குறைப்பதற்கும் மெல்லிய ஒலியைக் கூட்டுவதற்கும் தனித்தனி அளவு வைத்திருந்தது. 1954இல் அமெரிக்கத் தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த அளவு வந்த பிறகே அது மெல்லமெல்ல உலகம் முழுக்க ஒன்றானது. ஆகவே பழைய தட்டிலிருந்து இன்று பாட்டை எடுப்பவர் முதல் நொடியிலேயே ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும்: எந்த அளவை வைத்து இதை வாசிப்பது? தீர்ப்பில்லாத வாசிப்பு இங்கேயும் கிடையாது.

இன்னொரு கிளை, கேட்பவர் பக்கம் போகிறது. ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடலைத் தமிழ்ச் சமூகத்தின் பெரும்பகுதி வீட்டு இசைத்தட்டுப் பெட்டியில் கேட்கவில்லை. அது பணக்கார வீட்டுச் சாமான். சினிமாக் கொட்டகையில் கேட்டது. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியதும் இலங்கை வானொலியில் கேட்டது. 1957இல் விவித பாரதி வந்தபின் அதிலும் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தெருவில், மைக் செட்டில் கேட்டது.

நான் இருக்கும் காட்டுப்பள்ளிப் பக்கத்தில் மைக் செட் கட்டியே குடும்பத்தைக் காப்பாற்றிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் கூழ், சாவு எல்லாவற்றுக்கும் சவுக்குக் கொம்பு நட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். ஒரு குழாயை ஊரைப் பார்த்தும் இன்னொன்றைக் கடலைப் பார்த்தும் கட்டுவதுதான் வழக்கமாம். "கடல்ல இருக்கறவனுக்கும் கேக்கணும் தம்பி. ஊர்ல விசேஷம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இதில் ஒரு தொழில்நுட்ப உண்மையும் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கருக்குக் கனத்த ஒலி வராது. மிக மெல்லிய உச்ச ஒலியும் வராது. நடுப்பகுதி மட்டும், மனிதக் குரல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பகுதி மட்டும், காற்றைக் கிழித்துக்கொண்டு மைல் கணக்கில் போகும். டி.எம். சௌந்தரராஜனின், சீர்காழி கோவிந்தராஜனின் குரல் இந்தக் குழாய்க்கென்றே செய்ததுபோல் இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. கொட்டகை ஒலிபெருக்கியும் ரேடியோவும் குழாயும் எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாத்தியக்காரர்களும் பாடகரும் சேர்ந்து ஒரே மூச்சில் பதிந்த காலம் அது. யாரை மைக்குக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது, யாரைத் தள்ளி உட்காரவைப்பது என்பதே பெருமளவு கலவையாக இருந்தது. குரல் முன்னால், தாளம் பின்னால், வயலின் கூட்டம் அதற்கும் பின்னால் என்ற அந்த அடுக்கு, ஒரு அறையில் ஆட்கள் உட்கார்ந்திருந்த தூரத்தின் பதிவு. மோனோ என்று நாம் ஏளனமாகச் சொல்வது அந்தத் தூரங்களின் வரைபடத்தைத்தான்.

அதே பெரியவரிடம் அறுபதுகளின் பாட்டொன்றைப் பழைய தட்டிலிருந்து எடுத்த வடிவிலும் மெருகேற்றிய வடிவிலும் போட்டுக் காட்டினேன். இரண்டாவதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா வாத்தியம்லாம் முன்னால வந்து குந்திக்கிச்சு. பாடறவரு எங்கியோ ரூமுக்குள்ள போய்ட்டாரு." ரீமாஸ்டர் பற்றி நான் கேட்டவற்றுள் மிகக் கூர்மையான விமர்சனம் இதுதான்.

3

ஆனாலும் குழாய் ஸ்பீக்கரைப் புனிதப்படுத்திவிடக் கூடாது. எழுபதுகளின் இறுதியிலிருந்து இளையராஜா பாட்டுகளில் கிதாரின் கனத்த தந்திகள் தனியாகவே ஒரு கதை சொல்லிக்கொண்டு போகின்றன. குழாயில் அந்தக் கதை கேட்கவே கேட்காது. 'பிரியா' (1978) தமிழில் ஸ்டீரியோவில் பதிந்த தொடக்க காலப் படங்களில் ஒன்று. குழாயில் போட்டால் ஸ்டீரியோவாவது ஒன்றாவது! கேட்கும் கருவி மாறியபோதுதான் பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்தது பலர் காதுக்கு வந்துசேர்ந்தது. அந்த விதத்தில் பார்த்தால் புதிய வடிவம் பழைய உழைப்பொன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவும் முடியும்.

கருவி மாறியதில் வடசென்னைக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், 1985இல் எரிந்துபோகும்வரை, மூர் மார்க்கெட். கப்பலில் வந்திறங்கிய ஜப்பான் டேப் ரிக்கார்டரும் பழைய இசைத்தட்டும் இவற்றின் வழியாகத்தான் ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் வந்தன. கூடவே வந்தது ரிக்கார்டிங் சென்டர். தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், தட்டிலிருந்து அறுபது நிமிஷ, தொண்ணூறு நிமிஷக் காலி கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். தமிழ்நாடு முழுக்க இது இருந்தது. வரலாற்றில் எழுதப்படாத ஒரு ஒலிப்பதிவுப் பள்ளி அது. பதிகிறவன் ஈக்குவலைசரை ஏற்றி இறக்குவான். ஆட்டோக்காரர் கேட்டால் பேஸ் கூட, டீக்கடைக்காரர் கேட்டால் குரல் தெளிவாக. 'அந்தக் கடையில் பதிந்தால் சத்தம் நல்லா இருக்கும்' என்று சனம் பஸ் பிடித்துப் போகும்.

கேசட் பெரும் நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தி, உள்ளூர்க் குரல்களுக்கு இடம் உண்டாக்கியது என்று பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியாவை முன்வைத்து எழுதினார். நான் இங்கே சேர்க்க விரும்புவது, அது ஒரே பாட்டுக்குப் பல பாடங்களை உண்டாக்கியது என்பதை. ரிக்கார்டிங் சென்டர் பையன் ஒரு ரீமாஸ்டர் கலைஞன். ஆனால் அவன் தன் பிரதிதான் மூலம் என்று யாரிடமும் சாதிக்கவில்லை. அவன் பிரதி பக்கத்துக் கடைப் பிரதியை அழிக்கவும் இல்லை. இந்த வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது.

4

ராக் இசை உலகில் இந்தச் சண்டை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. 1982இல் குறுந்தகடு வந்தது. தட்டைவிட அதிகமான தூரத்தை, அதாவது மிக மென்மையான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளியை, தாங்கக்கூடிய ஊடகம் அது. கையில் கிடைத்த அந்த இடத்தைக் கம்பெனிகள் என்ன செய்தன? தொண்ணூறுகளிலிருந்து அதைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். பக்கத்துக் கடைப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். உச்சங்களை வெட்டிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்குவது இதன் தொழில்நுட்பம். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கரையில் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டபின் அலை எப்படி இருக்கிறதோ அப்படி: சத்தம் இருக்கும், கரை ஏறி இறங்குவது இருக்காது. மெட்டாலிகா 2008இல் வெளியிட்ட ஆல்பத்தில் இது எவ்வளவு தூரம் போனதென்றால், வீடியோ விளையாட்டொன்றில் இருந்த அதே பாட்டுகள் தகட்டைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்து மனுப் போட்டார்கள். பழைய ஆல்பங்களின் மறுவெளியீடுகளும் இதே அச்சில் வார்க்கப்பட்டன.

சத்தம் கூடியது சின்ன விஷயம் என்று நினைக்கவைக்கிற ஒரு சம்பவமும் உண்டு. ஓஸி ஆஸ்போர்னின் தொடக்க கால ஆல்பங்கள் இரண்டு 2002இல் மறுவெளியீடு கண்டபோது, அவற்றில் பேஸ் கிதார் வாசித்த பாப் டெய்ஸ்லியின் வாசிப்பும் டிரம் வாசித்த லீ கெர்ஸ்லேக்கின் வாசிப்பும் நீக்கப்பட்டிருந்தன. புது ஆட்கள் வாசித்துச் சேர்த்திருந்தார்கள். இருவரும் உரிமைத்தொகைக்காக வழக்குப் போட்டவர்கள். தொழிலாளி கேள்வி கேட்டால் அவன் கைரேகையைப் பொருளிலிருந்தே துடைத்துவிடலாம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் தேவையில்லை. ரசிகர்கள் விடவில்லை; 2011 மறுவெளியீட்டில் பழைய வாசிப்பு திரும்பியது. பழைய தட்டு பலர் வீட்டில் இருந்ததால்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பாடம் இருந்ததால்தான், அந்தத் திருட்டு பிடிபட்டது.

எதிர்த்திசையிலும் உதாரணங்கள் உண்டு. மைல்ஸ் டேவிஸின் 1959 ஜாஸ் ஆல்பமொன்றின் முதல் பக்கப் பாட்டுகள், நாடாவின் வேகப் பிசகால் சுருதி சற்றே ஏறியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் மறுவெளியீடுதான் அதைச் சரிசெய்தது. பீட்டில்ஸின் ஆல்பங்கள் 2009இல் வந்தபோது மோனோ ஒரு தொகுப்பாகவும் ஸ்டீரியோ ஒரு தொகுப்பாகவும் தனித்தனியே வந்தன. இரண்டும் இரண்டு பாடங்கள் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது. 2022இல் அவர்களுடைய 'ரிவால்வர்' மறுபடி கலக்கப்பட்டபோது, ஒரே தடத்தில் ஒட்டிக்கிடந்த வாத்தியங்களைக் கணினியைக் கொண்டு பிரித்தார்கள். அதையும் புதிய கலவை என்று சொல்லியே விற்றார்கள். அங்கே காசு இருக்கிறது, விவரம் கேட்டுச் சண்டை போடும் ரசிகர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பேரைச் சொல்வதற்குப் பெரிய காசு ஒன்றும் ஆகாது.

5

நமக்கு வருவோம். பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964இல் வந்தது. இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. 2012 மார்ச்சில் அது மின்னணு முறையில் புதுப்பிக்கப்பட்டு, பல திசையிலிருந்தும் ஒலி வரும் அமைப்புடன் மறுபடி திரைக்கு வந்து நன்றாக ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, அது முக்கியமான காரியம். பழுதாகிக்கொண்டிருந்த படமொன்று பிழைத்தது. பிறக்காத காலத்துப் படத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்க ஒரு தலைமுறைக்கு வாய்த்தது. அதன் வெற்றி மற்ற படங்களுக்கும் வழி திறந்தது, 2014இல் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வந்தது.

ஆனால் ஒலியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரே தடத்தில் பதிந்த பாட்டை ஐந்தாறு திசைக்குப் பிரிக்க அந்த ஆண்டுகளில் இருந்த வழிகள் சில மட்டுமே. கனத்த ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை ஒரு பக்கமும் வடிகட்டி அனுப்பலாம். செயற்கையாக எதிரொலி சேர்த்து அகலம் காட்டலாம். புதிதாக வாசித்துச் சேர்க்கலாம். எந்தப் பழைய படத்தில் எது நடந்தது என்பதைப் பார்வையாளருக்குச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. களத்தில் வீழ்ந்துகிடக்கும் கர்ணனை நோக்கிச் சீர்காழி பாடும் பாட்டு, ஒரு குரல் ஒரு இடத்திலிருந்து தனியாக எழுவதால்தான் நம்மை அறைகிறது. அந்த 'ஒரு இடம்' எவ்வளவு தூரம் கலைக்கப்படலாம், யார் முடிவெடுப்பது? இசையமைப்பாளர்களா, உரிமை வைத்திருப்பவரா, மென்பொருளா?

இரைச்சல் நீக்கத்தையும் இதே கண்ணால் பார்க்கவேண்டும். சீராக ஓடும் 'உஸ்' ஒலியை மென்பொருள் கண்டுபிடித்துக் கழிக்கிறது. அதை அளவு மீறிச் செய்தால் கூடவே போவது: பாடகர் இழுக்கும் மூச்சு, தம்புராவின் மேல்சுரங்கள், அடி விழுந்தபின் அறைக்குள் தேய்ந்து மறையும் கார்வை. ரோலான் பார்த் 1972இல் குரலின் சொரசொரப்பைப் பற்றி எழுதினார்; பாடுகிறவனின் உடம்பு பாட்டில் தட்டுப்படும் இடம் என்று அதை நான் புரிந்துகொள்கிறேன். மென்பொருளுக்கு உடம்பும் அழுக்குதான்.

எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பதே அதிகாரத்தின் வேலை என்று ழாக் அத்தாலி 1977இல் வாதிட்டார். காட்டுப்பள்ளியில் உட்கார்ந்து இதை வாசித்தால் வேறு மாதிரி ஒலிக்கும். 2000இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், தொழிற்பகுதிக்கு 75. ஒரு ஊர் தொழிற்பகுதியாகிவிட்டால் அங்கே குடியிருப்பவன் காதும் தொழிற்பகுதிக் காதாகிவிடுகிறது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளி மீனவர் குடியிருப்பே இடம் மாறியது. 2013இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை, கன்டெய்னர் லாரிக்கு ராஜபாட்டை. கானாப் பாட்டும் சாவு மேளமும் எத்தனை காலம் வெறும் 'சத்தம்' என்ற பட்டியலில் இருந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறி, கானாவையும் ராக்கையும் சேர்த்து நிறுத்தியபோது அந்தப் பட்டியலைத்தான் கலைத்தது.

6

என் கோரிக்கை பழைய தட்டுக்குக் கோயில் கட்டுவதல்ல. ஒரு எல்.பி.க்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, கீறல் சத்தத்தில் 'அசல்' தேடும் சேகரிப்பாளரும் கம்பெனிக்காரரைப் போலவே மூலவாதிதான். ஒருவர் அழுக்கை நீக்கி மூலம் காண்கிறார், மற்றவர் அழுக்கிலேயே காண்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்து நாடா, படச்சுருள், தட்டு, குழாயில் கேட்டது, ரிக்கார்டிங் சென்டர் கேசட், 2012இன் கொட்டகை ஒலி எல்லாம் அந்தப் பாட்டின் பாடங்கள். இவற்றின் வரிசைதான் பாட்டின் வரலாறு.

ஆபத்து, ஒரு பாடம் மற்றவற்றைச் சத்தமில்லாமல் இடம்பெயர்ப்பதில் இருக்கிறது. தட்டுக்காலத்தில் புதுப் பதிப்பு வந்தாலும் பழைய தட்டு பரணில் கிடக்கும். இன்று பாட்டு நம் கையில் இல்லை. எங்கோ உள்ள கிடங்கிலிருந்து ஓடிவருகிறது. அங்கே கோப்பை மாற்றிவிட்டால் உலகம் முழுக்க ஒரே நாளில் மாறிவிடும். பாட்டின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் படத்தின் ஆண்டு மட்டும் இருக்கும். அந்த ஒலி எந்த ஆண்டு, யார் கையால் உண்டானது என்பது இருக்காது.

இது பாட்டோடு நிற்கிற விஷயமில்லை என்பது எங்கள் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தைக் காட்டியது. பின்னால் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் அந்த நீர்நிலை இல்லை. 2017இல் சூழலியல் செயல்பாட்டாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் ஊர் அதிர்ந்தது. பழைய வரைபடம் யாரிடமாவது இருந்ததால் கேள்வி கேட்க முடிந்தது. பழைய பாட்டுக்கும் அதே நியாயம்தான்.

ஆகவே கேட்கவேண்டியவை எளிமையானவை. ஒவ்வொரு மறுவெளியீட்டிலும் எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, யார் செய்தது, எது நீக்கப்பட்டது, எது புதிதாகச் சேர்க்கப்பட்டது என்ற நான்கு வரிப் பதிப்புரை வேண்டும். வாசித்தவர் பெயர் வேண்டும்; அன்றைக்கும் போடவில்லை, இன்றைக்காவது போடட்டும். முந்தைய வடிவம் கேட்கக் கிடைக்கவேண்டும். நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. மூடிப்போன ரிக்கார்டிங் சென்டர்களின் கேசட்டுகளும் மைக் செட்காரர்களின் தட்டுப் பெட்டிகளும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நாட்டார் வழக்காற்றைப் பதிய டேப் ரிக்கார்டரோடு கிராமம் கிராமமாக அலைந்த நம் ஆய்வாளர்கள், அந்த டேப்பே ஒரு வழக்காறு என்று இனியாவது கணக்கில் எடுத்துக்கொண்டு, பெட்டியின் மேல் கடை பெயரையும் ஊரையும் எழுதி வைக்கட்டும். நான் சொன்ன பெரியவரிடம் இரண்டு மரப்பெட்டி நிறையத் தட்டு இருக்கிறது. உறைகளில் எந்த விசேஷத்துக்கு வாங்கியது என்று பென்சிலால் குறித்திருக்கிறார். பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறோம்.